அப்பாவோட அறுபதாம் கல்யாணமும் நான் தேடின பொட்டியும்

"டேய், படம் என்னாச்சு?"

ஞாயித்துக்கிழமை போன்ல அம்மாவோட முதல் கேள்வி கொஞ்ச நாளா இதுதான். "சாப்பிட்டியா" ரெண்டாவது இடத்துக்குப் போயிடுச்சு.

படம்னா சினிமா இல்லீங்க. அப்பாவோட அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர்ல நடந்துச்சு. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பையன் புதுசா வாங்கின கேமராவை என் கையில குடுத்து, "அண்ணே, நீதான் எடுக்கணும்"னுட்டான். மொத்தம் 2 மணி 40 நிமிஷம் எடுத்தேன். அப்பாயியால மட்டும் வர முடியல. 84 வயசு, கார்ல உக்கார இடுப்பு விடல. "நீ புடிச்சாந்து காட்டுப்பா, நான் இங்கேயே பாத்துக்கிறேன்"னு சொல்லி மன்னார்குடியிலேயே தங்கிடுச்சு.

கெம்னிட்ஸ் திரும்பி வந்து ஃபைலைத் திறந்தா, என் பழைய லேப்டாப் கையை விரிச்சிடுச்சு. மாலையைத் தூக்கின அப்பா தூக்கினபடியே நிக்கிறார். கெட்டிமேளம் மட்டும் ஓடுது. அரை நிமிஷம் கழிச்சு மாலை அம்மா கழுத்துல இருக்கு. நடுவுல நடந்தது எதுவும் காணோம்.

சரி, புதுப் பொட்டி வாங்கிட வேண்டியதுதான்னு முடிவு பண்ணினேன். துட்டு?

ஜெர்மனிக்குப் படிக்க வர்றவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். விசாவுக்காக ஷ்பெர்கோன்டோன்னு ஒரு முடக்கக் கணக்குல பணம் போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பர்ல இருந்து அது வருஷத்துக்கு 11,904 யூரோ. மாசம் 992 யூரோ மட்டும்தான் வெளிய வரும். அதுலதான் வாடகை, இன்சூரன்ஸ், பருப்பு, வெங்காயம் எல்லாம். நான் கண்ணு வெச்ச கேமிங் லேப்டாப் 1,499 யூரோ. 2026 ஜனவரியில இருந்து இங்க குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வகுத்துப் பாருங்க, 108 மணி நேரம். வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்த்தா அஞ்சு வாரத்துக்கு மேல தட்டு கழுவணும், ஒரு காபி கூட குடிக்காம.

அதையும் வாங்கியிருப்பேன். காப்பாத்தினவர் பக்கத்து ரூம் விஜயவாடா நண்பர். அவர்கிட்ட கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கேமிங் பொட்டி இருக்கு. "முதல்ல உன் ஃபைலை இதுல போட்டுப் பாரு"ன்னார். பிரீமியர் மென்பொருளோட ஏழு நாள் இலவச சோதனைப் பதிப்பைப் போட்டு ஓட்டினோம். ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுத்துது, அப்பா அதே இடத்துல மாலையோட நிக்கிறார். கடுப்புல, மாடியில இருக்கிற இன்னொரு பையனோட ஆபீஸ் லேப்டாப்ல போட்டோம். தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத சாதாரணப் பொட்டி. அதுல வெண்ணெய் மாதிரி ஓடுது!

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னு தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதறேன்.

சித்தப்பா பையன் கேமராவுல இருக்கிறதுலயே உசந்த தரத்தை வெச்சிருக்கான். 4கே, 10 பிட், 4:2:2, எச்.265. சுருக்காம எழுதினா நொடிக்கு 500 எம்.பி.க்கு மேல வரும். கேமரா அதை 12.5 எம்.பி.யில அடைக்குது. நாப்பதுல ஒரு பங்கு. எப்படின்னா, நம்ம ஊர் மளிகைக் கடை கணக்கு நோட்டு மாதிரி. முதல் நாள் மொத்த இருப்பையும் எழுதிட்டு, அடுத்தடுத்த நாள் வந்தது போனது மட்டும் எழுதுவாங்க. 13-ம் தேதி எவ்வளவு அரிசி இருந்துச்சுன்னு கேட்டா, முதல் நாள்ல இருந்து கூட்டிக் கழிச்சுத்தான் சொல்ல முடியும். வீடியோவுலயும் சில படங்கள் மட்டும்தான் முழுசா இருக்கும், மத்ததெல்லாம் வித்தியாசம் மட்டும். நேரா ஓட்டிப் பார்க்கிறப்ப சமாளிச்சிடும். எடிட் பண்றப்ப நாம முன்னும் பின்னும் இழுக்கிறோமில்ல, ஒவ்வொரு இழுப்புக்கும் பொட்டி நோட்டை முதல்ல இருந்து புரட்டணும்.

(இந்தச் சுருக்கற வித்தையில ஜெர்மனிக்குப் பெரிய பங்கு உண்டு. 2003-ல வந்த எச்.264, 2013-ல வந்த எச்.265 ரெண்டுக்கும் பெர்லின்ல இருக்கிற ஃபிரான்ஹோஃபர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் நிறுவனம் நிறைய உழைச்சிருக்கு. ஆக, என் தலைவலி பக்கத்து ஊர்ல தயாரானது :-))

இப்படிப் புரட்டறதுக்குன்னே சிப்புக்குள்ள ஒரு தனிப் பகுதி இருக்கும். அதைத்தான் டிகோடர்ங்கிறாங்க. விஷயம் என்னன்னா, எல்லா டிகோடருக்கும் எல்லா நோட்டும் படிக்கத் தெரியாது. 10 பிட் 4:2:2 எச்.265-ஐ இன்டெல் 11-ம் தலைமுறையில இருந்து உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் படிச்சிடும். என்விடியாவுல 2025-ல வந்த 50 வரிசையில இருந்துதான் அந்த வசதி. ஆப்பிள்ல 2020 கடைசியில வந்த எம்1 சிப்பே படிச்சிடும். இதுவே 8 பிட் 4:2:0 எச்.264-ஆ இருந்தா (நிறைய கேமரா, போன் எல்லாம் அப்படித்தான் எடுக்கும்) எந்தப் பொட்டியோட டிகோடரும் படிக்கும். சிப்புக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது, எடிட்டிங் மென்பொருளும் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கணும்.

அதனால முதல்ல கடைக்குப் போகாதீங்க. உங்க கேமரா என்ன ஃபைல் தருதுன்னு பாருங்க. மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள்ல ஃபைலை இழுத்துப் போட்டா ஜாதகத்தையே சொல்லிடும். அப்புறம்தான் பொட்டிக்குப் பொருத்தம் பார்க்கணும்.

நான் பார்த்த மத்த பொருத்தங்கள்:

ராம்: 16 ஜிபிக்குக் கீழ வேணாம். ஒல்லிப் பொட்டிகள்ல ராமைப் போர்டோட சால்டர் பண்ணியிருப்பாங்க, பின்னால ஏத்த முடியாது. 2025 கடைசியில இருந்து ராம் விலை தாறுமாறா ஏறினதால "அப்புறம் போட்டுக்கலாம்"ங்கிற கதையும் செல்லாது.

திரை: விவரத்துல 45% என்.டி.எஸ்.சி.ன்னு இருந்தா ஓடிடுங்க. குங்குமம் செங்கல் கலர்ல தெரியும். 100% எஸ்.ஆர்.ஜி.பி. பாருங்க.

கீபோர்டு: இங்க விக்கிறதுல இசட்டும் வொய்யும் இடம் மாறியிருக்கும். எடிட்டிங்ல அதிகமா அமுக்கறதே கன்ட்ரோல் இசட்தான். பழக்க தோஷத்துல பழைய இடத்தை அமுக்கி, தப்பை அழிக்கிறதுக்குப் பதிலா திருப்பிச் செஞ்சுக்கிட்டே இருந்தேன்.

சட்டம்: ஆன்லைன்ல கடைக்காரங்ககிட்ட வாங்கினா, காரணமே சொல்லாம 14 நாளுக்குள்ள திருப்பலாம். நேர்ல கடையில வாங்கினா அந்த உரிமை இல்ல. புதுசுக்கு ரெண்டு வருஷம் விற்பனையாளர் பொறுப்பு. பழைய பொருளை வியாபாரிகிட்ட வாங்கினா அதை ஒரு வருஷமா அவர் குறைக்கலாம். தனி ஆள்கிட்ட வாங்கினா முழுசா மறுக்கலாம். நூறு யூரோ குறையுதேன்னு தெரியாத ஆள்கிட்ட போகாததுக்கு இதுதான் காரணம்.

கடைசியில 12-ம் தலைமுறை இன்டெல், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., புதுப்பிச்ச ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். 490 யூரோ. மூடியில யாரோ ஸ்டிக்கர் கிழிச்ச தடம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அது வந்து சேர்றதுக்குள்ள பழைய பொட்டியிலேயே பாதி எடிட்டிங் முடிஞ்சிடுச்சு! பிராக்ஸின்னு ஒரு வழி. பெரிய ஃபைலுக்குப் பதிலா சின்ன நகல்களைச் செஞ்சு, அதுல வெட்டி ஒட்டறது. கடைசியா படத்தை வெளிய எடுக்கிறப்ப மென்பொருளே ஒரிஜினலை எடுத்துக்கும். நான் கேடென்லைவ்ல செஞ்சேன். காசே கிடையாது. அது கே.டி.இ. குடும்பத்து மென்பொருள். 1996-ல டூபிங்கன்ல படிச்சிட்டிருந்த மத்தியாஸ் எட்ரிஷ்ங்கிற மாணவர் தொடங்கி வெச்ச திட்டம். டாவின்ச்சி ரிசால்வ் இலவசப் பதிப்பும் அருமைதான், ஆனா லினக்ஸ்ல அது எச்.264, எச்.265 ஃபைலைத் திறக்காது. என் பழைய பொட்டியில இருந்தது லினக்ஸ்.

நகல் செய்ய ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில எழுந்து பார்த்தா அப்பா மாலையைத் தூக்கறார், போடறார், சிரிக்கிறார். நானும் சிரிச்சேன்.

4கே-யிலேயே வெளிய எடுக்கணுமான்னு ஒரு யோசனை வந்துச்சு. 2010 பிப்ரவரியில வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸோட ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் எச்.டி. ஒளிபரப்பை வழக்கமா ஆரம்பிச்சப்ப அனுப்பினதே 720 வரிதான். மன்னார்குடி டிவிக்கு 1080 தாராளம். 2 மணி 40 நிமிஷத்தை 22 நிமிஷமா வெட்டி அனுப்பிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை தம்பி வீடியோ கால்ல காமிச்சான். அப்பாயி டிவிக்கு ரெண்டடி தள்ளி நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கு. முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சதும், "அந்த மாலை மாத்துற எடத்தை இன்னொருக்கா போடச் சொல்லு"ன்னுச்சு. போட்டாங்க. அப்புறம் இன்னொருக்கா.

அம்மா போனை வாங்கி முதல் கேள்வியாக் கேட்டாங்க: "சாப்பிட்டியா?"

டிஸ்கி: 1,499 யூரோ பொட்டி கெட்ட பொட்டின்னு சொல்ல வரல. கேம் ஆடறவங்களுக்கு அது சொர்க்கம். எனக்கு மிச்சமான ஆயிரத்துச் சொச்சத்துல அடுத்த லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு. சித்தப்பா பையன் கேமராவுல செட்டிங்கை மாத்தறதுதான் போனதும் முதல் வேலை.