பஸ்ஸுக்குள் ஓர் ஏரி

மாலை மணி ஆறரை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். கல்லூரி விட்டு வரும் மாணவர்கள், சின்னக்கடைத் தெருவில் சாமான் வாங்கித் திரும்புவோர், ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் காத்திருப்போர் என்று எங்கும் கூட்டம். பொழுது சாய்கிறது. கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்குகின்றன.

நமக்கு இது அன்றாடக் காட்சி. ஆனால் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் பொறியாளர்களுக்கு இதுவே சோதனையான நேரம். சூரிய ஒளி மின்நிலையங்களின் உற்பத்தி மளமளவென்று குறைந்து பூஜ்யத்தை நெருங்குகிறது. அதே நேரத்தில் வீடுகளிலும் கடைகளிலும் தேவை கூடுகிறது. இனிப் பஸ்களும் மின்சாரத்தில் ஓடப்போகின்றன என்றால் நிலைமை என்ன ஆகும்? மோசமாகுமா? அல்லது அந்தப் பஸ்களே நமக்கு உதவிக்கு வருமா?

கம்பிக்குள் சேமிக்க முடியாது

மாணவர்களே! மின்சாரத்திற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கம்பிகளில் அதைச் சேமித்து வைக்க முடியாது. நீங்கள் இப்போது விசிறியைப் போட்டால், அதற்கான மின்சாரம் இப்போதே எங்கோ உற்பத்தியாக வேண்டும்.

சைக்கிளில் மேடு ஏறும்போது என்ன நடக்கிறது? மிதிக்கும் விசையைக் கூட்டாவிட்டால் வேகம் குறைகிறது. மின்னாக்கிகளும் அப்படித்தான். தேவை கூடும்போது உற்பத்தி கூடாவிட்டால் அவற்றின் சுழற்சி வேகம் குறையும். நம் நாட்டில் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50 சுற்று. அது 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு குறுகிய இடைவெளி பாருங்கள்!

இந்தச் சமநிலையைக் காப்பது எளிதன்று. 2012 ஜூலை 31 அன்று, சுமை தாங்காமல் ஒரு முக்கிய மின்தடம் துண்டிக்கப்பட்டது. மற்றத் தடங்களும் அடுத்தடுத்து அறுபட, வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. அப்போது தென்னிந்திய மின்தொகுப்பு தனித்து இயங்கியதால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாக நாமும் அத்தொகுப்புடன் இணைந்தோம். இன்று ஸ்ரீரங்கத்திலும் டில்லியிலும் ஒரே அதிர்வெண்தான்.

கொள்ளிடத்தில் போகும் வெள்ளம்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளக் காலத்தில் மிகுதி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலில் கலக்கிறது. பிறகு கோடையில் அதே தண்ணீருக்காக ஏங்குகிறோம். வெள்ளத்தில் ஒரு பகுதியைத் தேக்கி வைக்கத்தான் நம் முன்னோர் ஏரிகளை வெட்டினார்கள்.

மின்சாரத்திலும் இதே கதை. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் நன்கு சுழலும். நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும். திருச்சி திருவெறும்பூரிலுள்ள ‘பெல்’ ஆலை செய்வது போன்ற பெரிய கொதிகலன்களைக் கொண்ட அனல் மின்நிலையங்களை, விளக்கை அணைப்பது போல உடனே நிறுத்தவோ மீண்டும் இயக்கவோ முடியாது. எனவே சில வேளைகளில் காற்றாலைகளையே நிறுத்தச் சொல்ல நேர்ந்ததுண்டு. இலவசமாகக் கிடைத்த காற்று வீணாயிற்று.

அப்படியானால் மின்சாரத்துக்கும் ஏரி வெட்டலாமே?

மலையில் ஓர் ஏரி

வெட்டியிருக்கிறார்கள்! கோவை மாவட்டம் ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறை மின்நிலையம் 1987 முதல் இயங்குகிறது. மின்சாரம் மிகுதியாக உள்ளபோது, கீழேயுள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றலாம். தேவை கூடும்போது அதே நீரைக் கீழே பாய்ச்சி 400 மெகாவாட் வரை மின்சாரம் பெறலாம்.

ஒரு சிறு கணக்கு. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் ஆற்றலுக்குச் சமம். ஒரு டன் தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கினால் இந்த ஆற்றல் அதில் சேரும்? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். சுமார் 367 மீட்டர்! ஒரே ஒரு யூனிட்டுக்கு ஒரு டன் நீரும் ஒரு மலையும் வேண்டும்.

மலை இல்லாத ஊரில்?

இங்கேதான் பாட்டரி வருகிறது. மின்வெட்டின்போது வீட்டில் கைகொடுக்கும் இன்வெர்ட்டரை நினைத்துக் கொள்ளுங்கள். மின்சாரம் உள்ளபோது அதன் பாட்டரி நிரம்புகிறது. இல்லாதபோது, பாட்டரியின் நேர்திசை மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது.

மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் அயனி பாட்டரியில் ஏறத்தாழ 3 யூனிட் அடங்கும். பெரிய பஸ்ஸின் பாட்டரியிலோ 200 யூனிட்டுக்கு மேலும் அடங்கும். அதாவது 200 டன் தண்ணீரை 367 மீட்டர் உயரத்தில் வைத்ததற்குச் சமமான ஏரி ஒன்று பஸ்ஸுக்கு அடியில் இருக்கிறது!

எப்போது நிரப்புவது?

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. சத்திரத்திலிருந்து புறப்படும் பஸ்களில் நூறு இப்படி மாறிவிட்டதாக வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸுக்குச் சுமார் 180 யூனிட் வேண்டும். நூறு பஸ்களுக்கு 18,000 யூனிட்.

இரவு பணிமனைக்குத் திரும்பியதும் நூறு பஸ்களையும் 60 கிலோவாட் மின்னேற்றிகளில் ஒரே நேரத்தில் மாட்டினால் என்ன ஆகும்? 6,000 கிலோவாட் சுமை சட்டென்று ஏறும். ஒரு வீட்டுக்கு 500 வாட் என்றால், இது 12,000 வீடுகளின் சுமை! அந்த வட்டாரத்து மின்மாற்றிகள் திணறிப்போகும்.

இதையே முறைவைத்துச் செய்வோம். பாதியை, அதாவது 9,000 யூனிட்டை, நெரிசல் குறைந்த பகல் 11 முதல் 3 மணிவரை சீராக ஏற்றினால் சுமை 2,250 கிலோவாட்தான். மறு பாதியை இரவு 11 முதல் காலை 5 வரை ஏற்றினால் 1,500 கிலோவாட்தான். அதே பஸ்கள், அதே யூனிட்டுகள்; நேரம் மட்டுமே மாறியது. மேலும், பகலில் வீணாகியிருக்கக்கூடிய சூரிய மின்சாரம் பயன்பட்டுவிட்டது. மத்திய அரசு 2024-இல் வெளியிட்ட மின்னேற்ற நிலைய வழிகாட்டு நெறிகளில், காலை 9 முதல் மாலை 4 வரை கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பதன் நோக்கமும் இதுவே.

ஏரியிலிருந்து திரும்பப் பாய்ச்சல்

வாகனத்தின் பாட்டரியிலிருந்து மின்தொகுப்புக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று அமெரிக்காவின் டெலவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லெட் கெம்ப்டன் 1997-இல் எடுத்துக்காட்டினார். இருவழிகளிலும் இயங்கும் மின்னேற்றி இருந்தால் இது முடியும்.

ஆனால் மாலையில் சத்திரத்து பஸ்ஸுக்கு ஓய்வேது? அது மக்களைச் சுமந்தாக வேண்டுமே! இதற்கு மிகப் பொருத்தமானது எது தெரியுமா? உங்கள் பள்ளிப் பஸ்தான்! காலையில் ஓடுகிறது. நண்பகலில் வெயிலில் நிற்கிறது. அப்போது நிரப்பிக் கொள்ளலாம். மாலையில் உங்களை வீட்டில் விட்டபின் மறுநாள் காலைவரை அதற்கு வேலையில்லை. அதில் 100 யூனிட் மீதமிருந்தால் 50 வீடுகளுக்கு 4 மணி நேரம் மின்சாரம் தரலாம். கோடை விடுமுறையில், மின்தேவை மிகுந்திருக்கும் நாள்களில், அது முழுநேரமும் சும்மாதானே நிற்கிறது? அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 2024-இல் 74 மின்சாரப் பள்ளிப் பஸ்கள் இந்த ஏற்பாட்டுடன் ஓடத் தொடங்கின.

தடைகளும் உண்டு. ஒவ்வொரு முறை நிரப்பிக் காலி செய்யும்போதும் பாட்டரி சிறிது தேய்கிறது. அதற்கு ஈடாக உரிமையாளருக்குப் பணம் தர வேண்டும். இருவழி மின்னேற்றியின் விலையும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் பஸ் புறப்படும்போது பாட்டரி நிரம்பியிருக்க வேண்டும், நட்டாற்றில் நிற்கக்கூடாது!

மாணவர்களே! ஏரியை வெட்டினால் மட்டும் போதாது. மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று உங்கள் வீட்டு மின்மானியின் எண்ணைப் பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும், பிறகு மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் குறித்துப் பாருங்கள். எந்த மூன்று மணி நேரத்தில் அதிகம் செலவாகிறது? அந்தச் செலவில் எதைப் பகலுக்கு மாற்றலாம்? மதகின் சாவி உங்கள் வீட்டிலும் ஒன்று இருப்பது தெரியவரும்.