அச்சில் வந்தால் வேதமா?

"அம்மா, எனக்கு ஓர் உதவி செய்யணும். தினம் ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா?"

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு வந்திருந்த என் பெண் இப்படிக் கேட்டதும், ஊருக்கு எடுத்துப் போக முறுக்கு சுற்றித் தரச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அவளோ ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து கட்டுக் கட்டாகக் காகிதங்களைக் கூடத்தில் பரப்பினாள். எல்லாம் பழைய பெண்கள் பத்திரிகைகளின் பக்கங்கள். நூலகத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்து வந்தவை.

கல்யாணம், இரண்டு பிரசவம் என்று விட்டுப் போன படிப்பை முப்பத்தைந்து வயதுக்கு மேல் மறுபடியும் தொட்டிருக்கிறாள். இதழியலில் பிஎச்.டி. குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளில் வந்த பக்கங்கள்தான் அவளுடைய ஆராய்ச்சிப் பொருள்.

"இதுல ஆராய என்னடி இருக்கு? படிச்சாப் புரியுதே!" என்றேன்.

"யார் எழுதினது, யார் பணம் குடுத்தது, படிச்சவங்களுக்கு அது தெரிஞ்சுதா... இதெல்லாம் சும்மா படிச்சாப் புரியாதும்மா. அளந்து பார்க்கணும்."

அளப்பது என்றால் நிஜமாகவே ஸ்கேல் வைத்து அளப்பதுதான்! எல்லா இதழ்களையும் படிக்க ஆயுசு போதாது. அதனால் மாதத்துக்கு ஓர் இதழ் என்று சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தாள். ஒவ்வொரு விஷயமும் எத்தனை சென்டிமீட்டர் இடம் பிடித்திருக்கிறது, கட்டுரையா விளம்பரமா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, ஏதாவது ஒரு பொருளின் பெயர் நடுவே வருகிறதா என்றெல்லாம் ஒரு படிவத்தில் குறிக்க வேண்டும். இதற்கு 'உள்ளடக்கப் பகுப்பாய்வு' என்று பெயராம்.

ஒருவர் மட்டும் குறித்தால் அவருடைய விருப்பு வெறுப்பு அதில் கலந்துவிடும். ஆகவே அதே பக்கங்களை இன்னொருவரும், முதல் ஆள் போட்டதைப் பார்க்காமல் குறிக்க வேண்டும். ஒரே குழம்பை இரண்டு பேர் தனித்தனியே ருசி பார்த்து உப்புச் சொல்வது மாதிரி! நிஜக் கணக்கை அவளோடு படிக்கும் ஒரு பெண் செய்யப் போகிறாள். அதற்கு முன்னால் படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஒத்திகை. அந்த ஒத்திகைக்குத்தான் நான்.

பத்திரிகை ஆபீசும் நம் சமையலறையும்

மத்தியானம் சாப்பாட்டுக் கடை ஒழிந்ததும் இரண்டு பேரும் உட்காருவோம். வேலைக்கு நடுவே அவள் சொன்ன கதைகளைக் கேட்டால் நீங்களும் அசந்து போவீர்கள்.

இரண்டாவது உலகப் போர் சமயத்தில், அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். குடும்பத்தில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். கடை, தோட்டம் என்று பல வழிகளில் உணவு வீட்டுக்குள் வருகிறது. ஒவ்வொரு வழியிலும் ஒரு வாசல். எதை உள்ளே விடுவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் காவலாளி, பெரும்பாலும் வீட்டு எஜமானிதான் என்றார் அவர்.

இந்த யோசனையைத்தான் டேவிட் மானிங் ஒயிட் என்பவர் பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டு போனார். 1949 பிப்ரவரியில் ஒரு வாரம், ஓர் ஊர்ப் பத்திரிகையில் தந்திச் செய்திகளைப் பொறுக்கும் ஆசிரியரிடம், "நீங்கள் தள்ளிவிடும் ஒவ்வொரு செய்தியிலும் ஏன் தள்ளினீர்கள் என்று எழுதி வையுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். அந்த மனிதரும் இரவு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினார். எண்ணிப் பார்த்தால், வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்கூடைக்கு! இடமில்லை என்பது ஒரு காரணம். அவருடைய சொந்த அபிப்பிராயமும் பல இடங்களில் காரணமாக இருந்தது. 1950ல் வெளியான அந்த ஆராய்ச்சியை இன்றும் இதழியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

"பார்த்தியாம்மா, எங்க பாடத்துக்கே மூலம் உங்க அடுக்களைதான்" என்று சிரித்தாள் என் பெண்.

இன்னொன்றும் சொன்னாள். வாரன் பிரீட் என்று ஒருவர். பத்திரிகை நிருபராக இருந்துவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து 1952ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். சுமார் 120 பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். முதலாளிக்கு எது பிடிக்கும், எதை எழுதக் கூடாது என்று புது நிருபருக்கு யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம். தன் பத்திரிகையைத் தினமும் படித்து, தான் எழுதியதில் எந்த வரி அடிபடுகிறது என்று பார்த்து, அவரே தெரிந்து கொள்கிறாராம்.

"புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரின்னு சொல்லு!" என்றேன். மாமனாருக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று எனக்கு யார் சொன்னார்கள்? முகத்தைப் பார்த்துத்தானே கற்றுக் கொண்டேன்!

ஒத்துப் போகாத ஒரு பக்கம்

ஐந்தாம் நாள் இருவருடைய படிவங்களையும் ஒப்பிட்டோம். பெரும்பாலும் ஒத்துப் போயிற்று. ஒரு பக்கத்தில் மட்டும் இடித்தது. நான் 'கட்டுரை' என்று போட்டிருந்தேன். அவள் 'விளம்பரம்' என்று போட்டிருந்தாள்.

"ஏம்மா, இதைப் போய்க் கட்டுரைன்னு போட்டிருக்கே?"

"ஒரு டாக்டர் இளம் தாய்க்குப் புத்தி சொல்ற மாதிரிதானேடி இருக்கு?"

அவள் பக்கத்தின் மேல் மூலையைக் காட்டினாள். கடுகு அளவு எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

சகோதரிகளே, முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாததை அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன்.

1987. அவள் மூன்று மாதக் கைக்குழந்தை. ஒரு பத்திரிகையில், இதே மாதிரி ஒரு பக்கம். 'தாய்ப்பால் மட்டும் போதுமா?' என்ற தோரணையில், கொழுகொழு குழந்தையின் படத்தோடு வந்திருந்தது. படிக்கத் தெரியாத என் மாமியார், "உன் பாலே போதும்டி. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும்" என்றார். அச்சில் வந்தது பொய்யாகுமா என்று எனக்கு நினைப்பு. டப்பாப் பாலுக்கு மாறினேன். குழந்தை மார்பில் குடிப்பது குறைய, எனக்குப் பாலும் குறைந்தது. டப்பா விலையோ கட்டுப்படியாகவில்லை. ஒரு வாரத்துப் பவுடரைப் பத்து நாளைக்கு இழுக்க, தண்ணீரைக் கூட்டிக் கலக்கினேன். புட்டியையும் ஒழுங்காகக் கொதிக்க வைத்தேனா என்றால், அதுவும் இல்லை.

வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டே நாளில் கண் உள்ளே போய், அழக்கூட சத்தில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தாள். அங்கிருந்த டாக்டரம்மா விசாரித்தபோது 'தெரியாமல் செய்தேன்' என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்த்துச் செய்தேன் என்று சொல்லவில்லை. வெட்கம்!

கேட்டுக் கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்துக் கொண்டாள். "உன் தப்பு இல்லைம்மா. அந்தப் பக்கம் யாரையும் ஏமாத்தற மாதிரிதான் இருக்கு" என்றாள். மறுநாள் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது: 'சாதாரணமாகப் படிப்பவர் கண்ணுக்கு இது கட்டுரை போல் தெரிகிறதா?'

இன்றைய தாய்மார்களுக்கு

இன்று நிலைமை மாறியிருக்கிறது. குழந்தைகளுக்கான மாற்றுப் பாலையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்ய இந்தியாவில் 1992ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2003ல் திருத்தி, இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுகளையும் சேர்த்துக் கொண்டார்கள். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. உடல்நிலையால் கொடுக்க முடியாத தாய்மார்கள் மனம் நோக வேண்டாம். டாக்டரைக் கேட்டு, அவர் சொல்லும் பாலை, சொல்லும் அளவில் கொடுங்கள். என் மாமியார் அந்த விஷயத்தில் சொன்னது சரி. ஆனால் பிறந்த அன்று அவர் வைத்த சர்க்கரைத் தண்ணீர் தப்பு! பெரியவர்கள் சொல்வதையும் விசாரித்துத்தான் ஏற்க வேண்டும்.

விளம்பரம் இப்போது கைபேசி வழியாகவும் வருகிறது. நமக்குப் பிடித்த பெண்ணொருத்தி தன் குழந்தைக்கு எதையோ ஊட்டிக் காட்டுவாள். பணம் வாங்கிக் கொண்டு சொன்னால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021ல் நெறிமுறை கொண்டு வந்தது. தேடிப் பார்ப்பது நம் பொறுப்பு.

என் பெண் சொல்லிக் கொடுத்த நாலு கேள்விகள் இதோ:

1. எழுதியவர் யார்? 'பிரபல டாக்டர்' என்றால் போதாது. பெயரும் படிப்பும் உண்டா?

2. ஏதாவது ஒரே கம்பெனிப் பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா?

3. மூலையில் 'விளம்பரம்', 'விளம்பரதாரர் பகுதி' என்று பொடி எழுத்து இருக்கிறதா?

4. நல்லதை மட்டும் சொல்கிறதா, யாருக்கு ஆகாது என்றும் சொல்கிறதா?

இந்தக் கட்டுரையையும் இதே நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, ஒரு பாட்டி. சந்தேகம் இருந்தால் உங்கள் குழந்தை டாக்டரைக் கேளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் என் பெண் ஒரு தாளை நீட்டினாள். நான் சொன்னதை ஆராய்ச்சியில் சேர்க்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பெற்ற பெண்ணுக்குச் சம்மதக் கடிதமா என்று சிரித்தேன். "யாரா இருந்தாலும் கேட்கணும்மா. உன் பேர் எங்கேயும் வராது" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருஷம் வெட்கப்பட்டு மறைத்தது, எங்கோ ஓர் இளம் தாயின் கண்ணைத் திறந்தால் போதும்.