கோபுரத்தில் ஒரு நகரத்தின் வரலாறு
ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆவணக் காப்பகம், போட்லியன் நூலக முற்றம்

ஐந்து வகைத் தூண்கள் அடுக்கடுக்காக நிற்கும் இந்தக் கோபுரத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. 1634இல் பிரையன் ட்வைன் இவற்றின் முதல் காப்பாளரானார்.

பல்கலைக்கழகத்தின் ஏடுகளில் ஊர் மக்களின் வாழ்க்கையும் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. 1355 பிப்ரவரி 10 அன்று, மதுக்கடையில் பரிமாறிய மது சரியில்லை என்று மாணவர்கள் தொடங்கிய தகராறு பெருங்கலவரமாக மூண்டு, மாணவர், ஊர் மக்கள் என இரு தரப்பிலும் பல உயிர்களைப் பறித்தது. மன்னர் மூன்றாம் எட்வர்டு பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ரொட்டி, பீர் ஆகியவற்றின் விலையையும் தரத்தையும், சந்தையின் எடைகளையும் அளவைகளையும் கண்காணிக்கும் அதிகாரம் அதன் கைக்கு வந்தது.

பல்கலைக்கழக வேந்தரின் நீதிமன்ற ஏடுகள் இன்னும் நெருக்கமானவை. பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பிழைத்த புத்தக வணிகர், சமையற்காரர், முடிதிருத்துநர் ஆகியோரின் உயில்களும் உடைமைப் பட்டியல்களும் இவற்றில் உள்ளன. கட்டில், சட்டி, மேசை, புத்தகம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பிட்ட விலை எழுதியிருக்கிறது. வேறெங்கும் பெயர் பதியாத எளிய குடும்பங்களின் வீடுகளை நாம் அறிவது இந்தப் பட்டியல்களால்தான்.

கலவரத்துக்குப் பரிகாரமாக நகரத் தலைவர் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து காணிக்கை செலுத்தும் வழக்கம் 1825வரை நீடித்தது. சமரசத்தின் அடையாளமாக 1955இல் பல்கலைக்கழகம் நகரத் தலைவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. நகரம் துணைவேந்தருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது.

இந்த ஆவணங்களை ஆய்வாளர்கள் வெஸ்டன் நூலகத்தில் பார்வையிடலாம்.