வெயிலைத் தாங்கும் ரவுட்டர்

இராஜஸ்தானின் பலோதியில் 2016 மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அவ்வட்டாரத்தில்தான் 2,245 மெகாவாட் திறன்கொண்ட பட்லா சூரிய மின் பூங்கா விரிந்துள்ளது.

இத்தகைய இடத்தில், மூடிய பெட்டியினுள் வெப்பம் இன்னும் மிகும். அலுவலகப் பயன்பாட்டு ரவுட்டரோ பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கே உரியது. அது முடங்கினால், எந்த இன்வெர்ட்டர் நின்றதென்று கட்டுப்பாட்டு அறை அறியாது. உற்பத்தி குறையும், கடன் தவணை காத்திராது.

தொழிலகங்களுக்கென அமைந்த ரவுட்டர்களுள் பல 75 டிகிரி வரை இயங்குவன. விசிறி இல்லாமையால் அவை புழுதியை உள்ளிழுப்பதில்லை. உலோக உறையே வெப்பத்தை வெளியேற்றும். விலை கூடுதல்தான். எனினும், திட்ட மதிப்பீட்டிலேயே அதனைச் சேர்த்து, இயங்கு வெப்பநிலை வரம்பை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.