காரை இறக்கினால் கூடவே இறங்குபவை

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா கார்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று உடனே கண்ணில் படும். அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தாலே அதிகம். அந்தத் தோற்றத்தில் மயங்கித்தான் பல இளைஞர்கள் தங்கள் ஸ்விஃப்டையோ போலோவையோ ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போய், "அண்ணா, வண்டியைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் குறைந்தால் எந்தக் காரும் எடுப்பாகத்தான் தெரியும். ஆனால் உயரத்தோடு சேர்ந்து வேறு சிலவும் இறங்குகின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

முதலில் லாபக் கணக்கு. வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த மாற்றம் கூடும். நான்கு டயர்களும் எடையைக் கூடியவரை சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்தான் மொத்தப் பிடிமானம் நன்றாக இருக்கும். அதனால் மையத்தைத் தாழ்த்துவது நல்லதே. எவ்வளவு நல்லது? 1,000 கிலோ எடை, 54 செ.மீ. உயரத்தில் மையம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 148 செ.மீ. என்று ஒரு காரை வைத்துக்கொள்வோம். 0.6 ஜி, அதாவது புவியீர்ப்பின் 0.6 மடங்கு பக்கவாட்டு விசையில் வளைவெடுத்தால் சுமார் 219 கிலோ எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. காரை 3 செ.மீ. இறக்கினால் அது 207 கிலோ ஆகும். அதாவது 12 கிலோ மிச்சம். பந்தயத்தில் நொடியின் சிறு பங்குக்காகப் போராடுபவருக்கு இது பெரிய விஷயம். அவிநாசி சாலையில் அலுவலகம் போய்வருகிறவருக்கு இது தெரியவே தெரியாது. காருக்கு அடியில் புகும் காற்று குறைவதால் நெடுஞ்சாலையில் எரிபொருள் சிறிது மிச்சமாகும் என்பதும் உண்மைதான். ஏர் சஸ்பென்ஷன் கொண்ட சில விலையுயர்ந்த கார்கள் வேகமெடுத்ததும் தாமாகவே தாழ்ந்துகொள்வது அதற்காகத்தான்.

இனி இழப்பு. நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏறுவதற்கு 8 செ.மீ. இடம் இருக்கிறது என்று கொள்வோம். காரை 4 செ.மீ. இறக்கினால் அதில் பாதி போய்விடும். அதே பள்ளத்தின் அடியைப் பாதி தூரத்துக்குள் தாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு மடங்கு கடினமான ஸ்பிரிங்கில் மனிதர் உட்கார முடியாது. ஆகவே கடைகளில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங் ஓரளவே கடினமாக இருக்கும். மிச்ச அடியைப் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் துண்டு வாங்கிக்கொள்ளும். இறக்கிய காரில் போகும்போது பள்ளத்தில் "டொக்" என்று ஒரு சத்தம் இடுப்புவரை வருகிறதே, அது பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும் சத்தம். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் சஸ்பென்ஷன் அந்தக் கணத்தில் இல்லாதது போலவே ஆகிவிடும். டயர் தரையை விட்டுத் துள்ளும். பிடிமானம் கூடட்டும் என்று இறக்கிய கார் மேடுபள்ளச் சாலையில் பிடிமானம் இழப்பது இப்படித்தான்.

பலரும் கவனிக்காத பகுதி லோயர் ஆர்ம். நம்மூர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். அதில் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் இந்த இரும்புக் கை ஏறக்குறைய கிடையாகவோ, சக்கரத்தை நோக்கிச் சற்றுத் தாழ்ந்தோ இருக்கும்படி கம்பெனியில் அமைத்திருப்பார்கள். காரை இறக்கினால் உள்முனை கீழே போய், சக்கரப் பக்க முனை மேலே ஏறி நிற்கும். வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். அதன் இடத்தைத் தீர்மானிப்பதில் இந்தக் கையின் சாய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. காரை 3 செ.மீ. இறக்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாகவே கீழே போகும்; சில கார்களில் தரைக்கும் அடியில் போய்விடும். அப்போது புவியீர்ப்பு மையத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி நீளம் கூட்டினால் நட்டு சுலபமாகத் திரும்புவதுபோல, அதே வளைவு இப்போது காரை இன்னும் சுலபமாகச் சாய்க்கும். காரைத் தாழ்த்தியபின் அது முன்னைவிட அதிகம் சாயலாம் என்பது நம்பக் கடினமான உண்மை. கடினமான ஸ்பிரிங் அந்தச் சாய்வை மறைத்துவிடுவதால் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை.

ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானே சிறிது திரும்பும். டோ (சக்கரம் பார்க்கும் திசை), கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) இரண்டும் கலையும். வீல் அலைன்மெண்ட் செய்யாமல் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் பள்ளங்கள் ஆழமாக, புதிதுபோல இருக்கும். உள்பக்கம் வழவழப்பாகி, மோசமான நிலையில் இரும்புக் கம்பி விரலில் குத்தும். நின்று பார்த்தால் தெரியாத பக்கம் அது.

தரையை ஒட்டி ஓடுவதில் உச்சம் தொட்ட ஃபார்முலா ஒன்னிலேயே கார் எவ்வளவு தாழலாம் என்பதற்கு ஒரு காவல் உண்டு. 1994-இல் கார்களின் அடியில் 10 மி.மீ. தடிமனில் ஒரு பலகையைக் கட்டாயமாக்கினார்கள். அது 1 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் தகுதிநீக்கம். 2023-இல் ஆஸ்டினில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டனும் ஆறாவதாக வந்த சார்ல் லெக்லேரும் அப்படித்தான் இடமிழந்தார்கள். ஆஸ்டின் தளம் கொஞ்சம் மேடுபள்ளமானது.

நம் சாலைக்கு வருவோம். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஸ்விஃப்ட் அதன்மேல் ஏறும்போது, முன் பின் சக்கரங்களும் மேட்டிலேயே இருப்பதால், வயிற்றுக்கடியில் மேடு நான்கரை செ.மீ.கூட துருத்தாது. இறக்கிய காரும் தாராளமாகக் கடக்கும். ஆனால் தெருமுனையில் இரண்டு சட்டி சிமெண்டைக் கொட்டி எழுப்பிய ஒல்லியான தடையில் அதன் முழு உயரமும் காரின் அடியில் வந்து நிற்கிறது. ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதில் 40 போனால் 123. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்து, பிரேக் அடித்ததில் மூக்கும் தாழ்ந்தால் என்ன மிஞ்சும்? முதலில் அடிபடுவது ஆயில் சேம்பர். அது விரிசல் விட்டு ஆயில் ஒழுகுவதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மழைநீர் தேங்கிய சாலையில் எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாயும் அதே 4 செ.மீ. தாழ்ந்திருக்கிறது என்பதையும் சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாது.

சட்டமும் உண்டு. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்காமல் காரில் கை வைக்காதீர்கள்.

பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காக முறைப்படி செய்கிறவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி நிறுத்த மாட்டார்கள். அதற்கேற்ற குட்டையான ஷாக் அப்சார்பர், ரோல் சென்டரை மீட்கும் நீண்ட பால் ஜாயிண்ட், முழு அலைன்மெண்ட், ஹெட்லைட் கோணம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. செலவு கூடுதல். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் பலர் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். ஆறு சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் கடினமாகும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்தது. கேஸ் டார்ச்சால் வெட்டினால் சூட்டில் அந்த இடத்து எஃகின் பதம் கெட்டு, ஸ்பிரிங் உடையவும் செய்யும். ஸ்பிரிங்கை வெட்டும் வேலையை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஸ்பிரிங் வெட்டப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பது எளிது. ஒர்க்‌ஷாப் லிஃப்டில் காரை ஏற்றச் சொல்லி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். தன்னைத் தாங்கும் தட்டில் இறுகி நிற்க வேண்டிய ஸ்பிரிங் லொடலொடவென்று சுழன்றால், அதன் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் கருகி, முனை பிசிறாக, துருப்பிடித்திருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். நான்கு ஸ்பிரிங்கையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கார் பாருங்கள்.