ஷேக்கர் சமூகத்தின் தொடக்ககால ஒளிப்படங்கள்

ஷேக்கர் சமூகத்தின் தொடக்ககால ஒளிப்படங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் கூட்டுவாழ்வு நடத்திய ஷேக்கர் எனும் கிறித்தவப் பிரிவினரின் குடியிருப்புகளையும் அன்றாட வாழ்வையும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பதிவு செய்த படங்கள் ஆகும்.

பின்னணி

இங்கிலாந்தில் தோன்றிய இப்பிரிவின் ஒரு சிறு குழுவினர் ஆன் லீ என்பவரின் தலைமையில் 1774 இல் அமெரிக்காவில் குடியேறினர். மணம் செய்யாமை, பொதுவுடைமை, ஆண் பெண் சமத்துவம், எளிமை ஆகியவை இவர்களது கொள்கைகள். வழிபாட்டின்போது உடல் நடுங்க ஆடியதால், 'நடுங்குபவர்' எனப் பொருள்படும் ஷேக்கர் என்ற பெயர் ஏற்பட்டது.

படங்களுக்குத் தடை

1845 இல் திருத்தப்பட்ட ஷேக்கர் விதிகள், வசிக்கும் அறைகளிலும் பணிக்கூடங்களிலும் படங்களைத் தொங்கவிடுவதைத் தடை செய்தன. பின்னர் இக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது.

இரட்டைப் படங்கள்

டிராய் நகரின் ஜேம்ஸ் இர்விங் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் லெபனான் குடியிருப்பையும், கான்கார்டு நகரின் டபிள்யூ. ஜி. சி. கிம்பால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து கேன்டர்பரி குடியிருப்பையும் படம் பிடித்தனர். ஒரே காட்சியைச் சற்று விலகிய இரு கோணங்களில் எடுத்து, ஓர் அட்டையில் அருகருகே ஒட்டுவது இவர்களது முறை. அதற்குரிய கருவி வழியே நோக்கினால் காட்சி முப்பரிமாணமாகத் தெரியும். இத்தகைய அட்டைகள் பார்வையாளருக்கு விற்கப்பட்டன. மேய்ன் மாநிலத்து சப்பத்டே லேக் குடியிருப்பில் டெல்மர் வில்சன் என்ற ஷேக்கர் சகோதரரே ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கினார்.

சான்றாகக் கொள்வதில் கவனம்

அக்காலத்தில் படத்தகடு ஒளியை ஏற்கச் சில நொடிகள் தேவைப்பட்டதால், மக்கள் அசையாது நிற்க வேண்டியிருந்தது. எனவே இப்படங்களில் வழிபாட்டு நடனம் இடம்பெறுவது அரிது. அதை இதழ்களில் வந்த செதுக்கோவியங்களே பெரிதும் காட்டுகின்றன.

20ஆம் நூற்றாண்டில் வில்லியம் எஃப். வின்டர் எடுத்த படங்கள் எட்வர்டு டெமிங் ஆண்ட்ரூஸ், ஃபெய்த் ஆண்ட்ரூஸ் இணையரின் ஷேக்கர் மரச்சாமான்கள் பற்றிய நூலில் 1937 இல் வெளிவந்தன. ஆளில்லாத அறை, வெறுஞ்சுவர், சில நாற்காலிகள் எனத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட இக்காட்சிகளே ஷேக்கர் எளிமையின் அடையாளமாகப் பரவின. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட படங்களில் பூவேலைக் கம்பளங்களும், சட்டமிட்ட படங்கள் தொங்கும் சுவர்களும் காணப்படுகின்றன. முன்பு தடை செய்யப்பட்ட படங்களே அவ்வறைகளை அழகு செய்தன. எனவே ஷேக்கர் வாழ்வை அறிய விரும்புவோர் இவ்விரு வகைப் படங்களையும் ஒப்பிட்டுக் காண்பது அவசியமாகும்.