இன்று யார் வரவில்லை?

காலைக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை அது. 7 மெகாஹெர்ட்ஸில், ‘நெட்’ எனும் வானலைக் கூட்டத்தை நடத்த ஒருவர் நெட் கன்ட்ரோலாக உட்காருவார். சென்னை, சேலம், மதுரை, நாகர்கோவில் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலி, நண்பர்கள் தங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி வருகை தருவார்கள். உங்கள் சிக்னல் 59, இங்கே மேகமூட்டம், நேற்று மாற்றிக் கட்டிய ஆன்டெனா எப்படிக் கேட்கிறது, சரி, செவன்ட்டி த்ரீ என்று வாழ்த்தி விடைபெறல். அவ்வளவுதான் பேச்சு. இதற்காகவா பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, இவ்வளவு செலவழித்து ரிக் வாங்கினார்கள் என்று வெளியாளுக்குத் தோன்றும். ஆனால் முடிக்கும்போது நெட் கன்ட்ரோல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “திருச்சி நண்பர் ரெண்டு நாளா வரலையே, யாராவது பார்த்தீங்களா?”

புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்றால் ஹாம்களின் சேவை செய்தியாகிறது. கருவியைப் புகழ்கிறோம், பேட்டரியைப் புகழ்கிறோம். அந்தக் கேள்வியைக் கவனிப்பதில்லை. வராதவர் யார் என்று தினமும் கேட்டுப் பழகிய கூட்டம்தான் பேரிடர் நாளிலும் தேடிப் போகிறது. அந்தப் பழக்கம் நம் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

போர்ட் பிளேரில் ஒரு ஞாயிறு

2004 டிசம்பரில் இந்தியாவின் பெருநிலத்திலிருந்து ஒரு ஹாம் குழு அந்தமானுக்குப் போயிருந்தது. போனது சேவைக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஒலிபரப்ப யாருக்கும் அனுமதி கிடைத்ததில்லை. அபூர்வமான இடத்திலிருந்து ஒரு குரல் வந்தால் உலகமே வரிசையில் நிற்கும். ஒரு நிமிடம் பேசி, பேசியதற்குச் சாட்சியாக ஒரு கியூஎஸ்எல் அட்டை வாங்குவதில் ஹாம்களுக்கு அப்படியோர் ஆசை. போர்ட் பிளேர் விடுதியிலிருந்து அந்தக் குழு இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.28. சுமத்ரா கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து சுனாமி. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. விடுதியை விட்டு ஓடிய குழு, மீண்டும் மின்சாரம் தேடிக் கருவியை இயக்கியபோது, கேட்பதற்கு ஆட்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. அட்டைக்காக அதே அலைவரிசையில் காத்திருந்த முகம் தெரியாத நண்பர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். அதன் பிறகு அந்த அலைவரிசை, தீவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியைக் கரைக்குக் கடத்தும் பாதையாக மாறியது. குழுவினர் மாவட்ட நிர்வாகத்துக்குத் துணையாக நின்றார்கள். பெரும் அழிவைச் சந்தித்த கார் நிக்கோபாருக்கும் ஹாம்கள் கருவியோடு போனார்கள். அதே நாட்களில் இலங்கை ஹாம்கள் ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தார்கள்.

இதில் நான் பார்ப்பது இதைத்தான்: உதவி கேட்டுக் குரல் எழும்பியபோது, அந்த இடத்தில் ஏற்கெனவே காதுகள் இருந்தன. பொழுதுபோக்கு அவர்களை அங்கே உட்கார வைத்திருந்தது.

மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

2015 டிசம்பர் 1 இரவும் மறுநாளும் சென்னையில் நடந்ததை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் போனது, பல பகுதிகளில் செல்போனும் போனது. வயதான பெற்றோர் ஒரு தளத்தில். பிள்ளைகள் வேறொரு கண்டத்தில். ஊரே ஊரைத் தேடியது. அந்த நாட்களில் ஹாம்களும் கைக்கருவியோடு களத்தில் இருந்தார்கள்.

இங்கே பொழுதுபோக்கு நண்பர்களிடம் சொந்தக்காரர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் நம் பிள்ளையின் கல்யாணத் தேதி தெரியும். ஹாம் நண்பருக்கு நம் வீடே தெரியும். ஆன்டெனா கட்ட மாடி ஏறியவர் அவர். எந்தத் தெரு தாழ்வானது, இன்வெர்ட்டர் எந்த அறையில், மொட்டை மாடிச் சாவி எந்த வீட்டில், முழங்கால் ஆபரேஷன் ஆனவர் எத்தனை படி ஏறுவார், எல்லாம் அவருக்குத் தெரியும். மீட்கப் போகிறவருக்கு வேண்டிய தகவல் இதுதான்.

பேரிடர் நெட்டுக்கு ஒழுங்கும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்ற செய்திக்கு முதலிடம். பிறகு மருந்து, படகு, உணவு. நலம் விசாரிப்பு கடைசியில். அதிலும் வெளியிலிருந்து ‘என் அப்பாவைப் பார்த்தீர்களா’ என்று ஆயிரம் கேள்விகள் உள்ளே வருவதைவிட, உள்ளே இருப்பவர் ‘நலம்’ என்று ஒரு வரி வெளியே அனுப்புவதே மேல் என்பது இவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம். பெயர், இடம், நிலைமை என மூன்றே விவரங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார். தினமும் ஒன்றுமில்லாத விஷயத்தை இதே ஒழுங்கில் பேசிப் பழகியவர்களுக்கு, பதற்றத்திலும் வாய் தடுமாறுவதில்லை.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவிலும் ஹாம்களின் இந்தப் பணியைப் பார்த்தோம். கல்பெட்டா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்கள் நிலையம் அமைத்து, சரிவுப் பகுதியோடு தொடர்பு வைத்துக்கொண்டார்கள்.

20 மீட்டர் கம்பிக்கு இடமில்லை

இனி என் கவலைக்கு வருகிறேன். தனி வீட்டை விற்றுவிட்டு அடுக்ககத்துக்குக் குடிபோகும் ஹாம்கள் பலருக்கு அதோடு ஒலிபரப்பும் நின்றுபோகிறது. மாடி பொதுச் சொத்து, கம்பி கட்டக் கூடாது என்கிறது குடியிருப்போர் சங்கம். இடி இழுக்கும், கதிர்வீச்சு வரும், டிவி கலங்கும், கட்டடத்தின் அழகு கெடும் என்று ஆளுக்கொரு காரணம்.

அவர்கள் மறுப்பது எதை என்று பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய டைபோல் ஆன்டெனா, நடுவில் கேபிள் இணைத்த சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி. துணி காயப்போடும் கொடியைவிடத் தடிமன் குறைவு. இதைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேர்மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இறங்கும். பகலில் தமிழ்நாடு முழுவதையும் எட்ட அது போதும். பேசும் இருவருக்கும் நடுவில் கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம். 12 வோல்ட் கார் பேட்டரி ஒன்று இருந்தால் ஒரு நாளுக்கு மேல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இடிக்கு எர்த் போடலாம், இடி இடித்தால் கேபிளைக் கழற்றி வைக்கலாம். டிவி கலங்கினால் ஃபில்டர் போடலாம். தீர்வில்லாத ஆட்சேபம் இதில் ஒன்றுகூட இல்லை.

சாட்டிலைட் போன் இருக்கிறது, நடமாடும் கோபுரங்கள் இருக்கின்றன, எல்லா செல்போனுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வருகிறது, இன்னும் எதற்கு இந்தப் பழைய கம்பி என்று கேட்பவர்கள் உண்டு. அவையும் வேண்டியவைதான். ஆனால் எச்சரிக்கைச் செய்தி நம்மிடம் சொல்லும், நம்மைக் கேட்காது. செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வர வேண்டும். டீசல் வண்டி வர வேண்டிய சாலையில்தான் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது.

புதிதாகச் சேரும் இளைஞர்களின் பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவிலேயே முடிந்துவிடுகிறது. இருநூறு பேர் உள்ள குழுவில் ஒருவர் பத்து நாள் பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே வருகைப் பதிவு இல்லை. பேசுகிறவர்தான் கண்ணில் படுவார், பேசாதவர் மறைந்துபோவார். பேரிடரில் நாம் தேட வேண்டியவரோ பேச முடியாமல் கிடப்பவர்.

பருவமழைக்கு முன்

இது ஹாம்களுக்கு மட்டுமான பாடமல்ல. பறவை பார்ப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், மாடித் தோட்டக்காரர்கள், சதுரங்கம் ஆடக் கூடுபவர்கள் எல்லோரிடமும் அந்த நெருக்கம் இருக்கிறது. அதை ஒழுங்காக மாற்றுங்கள். வாரத்தில் ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வராதவரை யார் விசாரிப்பது என்று முடிவு செய்யுங்கள். தனியாக இருப்பவர் யார், பக்கத்து வீட்டுக்காரர் யார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் காகிதத்தில் எழுதி ஆளுக்கொரு பிரதி வையுங்கள். சார்ஜ் போன போனுக்குள் இருக்கும் பட்டியல் உதவாது. ஒவ்வொருவருக்கும், நடந்தே போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் ஒரு நண்பரைப் பொறுப்பாக்குங்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: இந்தக் கட்டடத்தில் லைசென்ஸ் பெற்ற ஹாம் இருந்தால் மாடியில் அவர் கம்பி கட்டலாம், மாடிச் சாவியில் ஒன்று அவரிடம் இருக்கும். ஹாம் யாரும் இல்லையென்றால் 12 வயது நிறைந்த பிள்ளை ஒன்றைப் பரீட்சைக்கு அனுப்புங்கள். சட்டம் அந்த வயதிலேயே அனுமதிக்கிறது. அந்தப் பிள்ளை முதலில் மோர்ஸ் கற்கட்டும், சர்க்கியூட் கற்கட்டும். அதோடு தினமும் காலையில் நெட்டில் வந்து, யார் வரவில்லை என்று கேட்கவும் பழகட்டும்.